விண்ணப்பம் எல்லாம் அனுப்பியாச்சு, இப்போது மேஜரை மாற்ற வேண்டும் என்கிறாள்

செம்பருத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில். மகள் இந்த வருடம் ஹைஸ்கூல் சீனியர். கல்லூரி விண்ணப்பங்கள் அனைத்தும் போய்விட்டன. எல்லாவற்றிலும் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், கம்ப்யூட்டர் சயின்ஸ் (சிஎஸ்) என்றுதான் போட்டிருக்கிறாள். அர்பானா-ஷாம்பெய்னில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகம், பர்டூ இரண்டும், சீக்கிரம் விண்ணப்பித்துச் சீக்கிரம் முடிவு பெறும் நவம்பர் 1 ஏர்லி ஆக்‌ஷனில் போனவை. அடுத்து சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகம். நவம்பர் கடைசியில் யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) விண்ணப்பம், அதில் பெர்க்லியும் சான் டியாகோவும். புத்தாண்டை ஒட்டி கார்னெல்லும் எம்ஐடியும் முடிந்தன. கார்னெல்லில் எஞ்சினியரிங் காலேஜைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

கடைசி விண்ணப்பத்தை அனுப்பிய கையோடு, "அம்மா, எனக்கு சிஎஸ் வேண்டாம், மொழியியல் படிக்கப் போகிறேன்" என்றாள்.

திடீரென்று முளைத்த ஆசை இல்லை என்று எனக்குத் தெரியும். என் அம்மா திருநெல்வேலிப் பக்கம். கோடையில் எங்களோடு வந்து இருந்தபோது, ஆச்சி பேசுவதையெல்லாம் இவள் போனில் பதிவு செய்து, பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருளில் போட்டுப் பார்த்தாள். செய்தி வாசிப்பவரின் தமிழை ஒழுங்காக எழுதிய அதே மென்பொருள், ஆச்சியின் பேச்சில் பாதியை விட்டுவிட்டது. மீதியில் அவர் சொல்லாத சொற்களைப் போட்டது. அதைச் சரிசெய்கிறேன் என்று ஆரம்பித்தவள், நிரல் எழுதுவதை அப்படியே நிறுத்திவிட்டு, ஆச்சி எந்த இடத்தில் எந்த ஒலியை விழுங்குகிறார், எந்த வினையை எப்படிச் சுருக்குகிறார் என்று பட்டியல் போடத் தொடங்கிவிட்டாள். நீளமான ஸ்ப்ரெட்ஷீட் ஒன்று வைத்திருக்கிறாள். ஒரு பத்தியில் ஆச்சி சொன்னது, அடுத்ததில் அதற்கான எழுத்துத் தமிழ், அதற்கும் அடுத்ததில் பதிவில் எத்தனையாவது நிமிடம் என்ற குறிப்பு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹெட்போனோடு உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பாள். எந்தப் பாடத்துக்கும் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதனால் மொழியியல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

குழப்பம் வேறு இடத்தில். "இப்போது எதையும் தொடாதீர்கள், முதலில் இடம் கிடைக்கட்டும்" என்கிறார் என் கணவர். மகளோ, மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்கு இடம் கேட்பது தவறு, இன்றைக்கே எல்லாக் கல்லூரிக்கும் மின்னஞ்சல் அனுப்புகிறேன் என்கிறாள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் படுகிறது.

அனுப்பிய பிறகு மேஜரை மாற்ற முடியுமா? மாற்றச் சொல்லிக் கேட்டாலே, முடிவில்லாத பிள்ளை என்று நினைத்துவிடுவார்களா? கட்டுரைகள் எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸைப் பற்றி இருக்கும்போது மேஜர் மட்டும் மொழியியல் என்று இருந்தால் இடிக்காதா? இந்தப் பாதையில் போனவர்கள், அல்லது விவரம் தெரிந்தவர்கள், கொஞ்சம் சொல்லுங்கள். முடிவுகள் வரத் தொடங்கும் முன்பு எதையாவது செய்ய வேண்டும் என்றால் நாட்கள் அதிகம் இல்லை.


கடலோரம் எழுதியது:

சகோதரி, உங்கள் கணவர் சொல்வதே சரி என்பேன். என் பையன் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் என்று ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். இரண்டாம் வருடம் கணிதத்துக்கு மாறிக்கொண்டான். அட்வைசரைப் பார்த்தான், ஒரு படிவம் நிரப்பினான், முடிந்தது. இந்த ஊரில் பிள்ளைகள் மேஜர் மாற்றுவது சர்வ சாதாரணம். பதினேழு வயதில் போட்ட டிக்கை யாரும் கல்வெட்டாக எடுத்துக்கொள்வதில்லை. இப்போது மின்னஞ்சல் அனுப்பி, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை எதற்கு நிறுத்த வேண்டும்?


மாடிப்படி எழுதியது:

செம்பருத்தி அக்கா, நான் ஒரு அரசு ஹைஸ்கூலில் கவுன்சலர்களோடு வேலை செய்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் இதே கேள்வியோடு பிள்ளைகள் வருவார்கள். பெரும்பாலும் முதல் வாரத்தில், விடுமுறை முடிந்து வந்த அன்றே. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடலோரம் அவர்கள் சொன்னது அவர் மகன் விஷயத்தில் முற்றிலும் உண்மை. ஆனால் அவன் போனது கூட்டம் அதிகமான துறையிலிருந்து கூட்டம் குறைந்த துறைக்கு. எதிர்த்திசையில் போக முயன்றிருந்தால் கதை வேறு. மேஜர் மாற்றத்தில் நான் முதலில் பார்ப்பது இந்தத் திசையைத்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ், நர்சிங், பல இடங்களில் பிசினஸ், எஞ்சினியரிங், இவையெல்லாம் இடத்தை எண்ணி வைத்திருக்கும் துறைகள். உள்ளே இருப்பவர் வெளியே வரலாம், வெளியே இருப்பவர் உள்ளே போவது பெரும்பாடு. மொழியியலில் அந்த நெருக்கடி கிடையாது. உங்கள் மகள் போகும் திசை சுலபமான திசை. முதலில் இதற்காக நிம்மதியாக மூச்சு விடுங்கள்.

அப்படியானால் சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் இரண்டாவது விஷயம் வருகிறது. சில கல்லூரிகள் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கின்றன. சில, துறைக்கு அல்லது உள்ளே இருக்கும் ஒரு காலேஜுக்கு எடுக்கின்றன. இரண்டாவது வகையில், சிஎஸ் என்று போட்டவர்கள் சிஎஸ் கூட்டத்தோடு நின்றுதான் போட்டி போட வேண்டும். வேண்டாத ஒரு படிப்புக்காக அந்த நெரிசலில் நின்று, இடமே கிடைக்காமல் போனால், பிறகு மாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? உங்கள் கணவரின் யோசனையில் விட்டுப்போவது இதுதான். அதற்காக மகள் சொல்வது போல எல்லோருக்கும் எழுதவும் வேண்டாம். கல்லூரி கல்லூரியாகப் பாருங்கள்.

எம்ஐடி: ஒன்றும் செய்ய வேண்டாம். அங்கே எல்லோரும் மேஜர் இல்லாமல்தான் சேர்கிறார்கள், முதல் வருட முடிவில் தேர்ந்தெடுக்கிறார்கள். விண்ணப்பத்தில் கேட்டது ஆர்வம் எதில் என்பதை மட்டும்தான். எம்ஐடியில் மொழியியல் மிக வலுவான துறை என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள்.

சான் டியாகோ: இங்கேயும் விட்டுவிடலாம். முதலில் வளாகத்துக்குப் பிள்ளையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பிறகுதான் நெரிசலான மேஜரில் இடம் கொடுப்பதா என்று பார்க்கிறார்கள். சிஎஸ் கிடைக்கவில்லை என்பதற்காகச் சேர்க்கையே போய்விடாது. உள்ளே போன பிறகு மொழியியலுக்கு மாறுவதில் சிரமம் இருக்காது.

வாஷிங்டன்: ஏறக்குறைய அதே கதை. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நேரடி இடம் கிடைக்காவிட்டாலும், பல்கலைக்கழகத்தில் வேறு பிரிவில் இடம் கொடுக்க வாய்ப்பு உண்டு. சிஎஸ் மட்டுமே வேண்டும் என்ற பிள்ளைக்குத்தான் அது பெரிய அடி. உங்கள் மகளுக்கு இல்லை.

பர்டூ: ஏர்லி ஆக்‌ஷன் முடிவு இந்த மாதமே வந்துவிடும். கோப்பைப் படித்து முடித்திருப்பார்கள். முடிவு வரட்டும். அங்கே மேஜர் மாற்றத்துக்கு கோடோ என்றே தனி நடைமுறை இருக்கிறது. ஒவ்வொரு மேஜருக்கும் என்ன நிபந்தனை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். சிஎஸ்ஸுக்குள் போகும் நிபந்தனையையும் மொழியியலுக்கான நிபந்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், நான் சொல்லும் திசை என்பது என்னவென்று மகளுக்கே புரிந்துவிடும்.

இனி இருப்பது பெர்க்லி, கார்னெல், இல்லினாய். யோசிக்க வேண்டிய இடங்கள் இவை மூன்றும்தான்.

பெர்க்லியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இப்போது 2023-இல் உருவான தனிக் காலேஜின் கீழ் இருக்கிறது. மொழியியல் லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜில். அதாவது மேஜர் மட்டும் மாறவில்லை, காலேஜே மாறுகிறது. கார்னெல்லிலும் அப்படியே: விண்ணப்பத்தை நீங்கள் தேர்ந்தெடுத்த காலேஜ்தான் படிக்கும். எஞ்சினியரிங் காலேஜில் மொழியியல் இல்லை, அது ஆர்ட்ஸ் அண்ட் சயின்சஸில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் கார்னெல்லில் கம்ப்யூட்டர் சயின்ஸை இந்த இரண்டு காலேஜ் வழியாகவும் படிக்கலாம். எஞ்சினியரிங்கைத் தேர்ந்தெடுக்காமல் இருந்திருந்தால் அங்கே எழுதவே தேவை இருந்திருக்காது. இந்த இரண்டு இடத்துக்கும் எழுதிக் கேட்பது நியாயம். "இப்போது மாற்ற முடியாது" என்று பதில் வரலாம். வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், கேட்டதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. சேர்க்கை அலுவலகங்களுக்கு இது தினசரி வரும் கேள்வி. முடிவில்லாத பிள்ளை என்ற எண்ணம் எப்போது வரும் தெரியுமா? ஜனவரியில் மொழியியல், பிப்ரவரியில் பொருளாதாரம், மார்ச்சில் திரும்ப சிஎஸ் என்று எழுதினால் வரும். ஒரே ஒரு முறை, காரணத்தோடு எழுதுங்கள்.

நடைமுறை: பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் ஒரு கல்லூரிக்கு அனுப்பியதைத் திரும்பத் திறந்து திருத்த முடியாது, அதே கல்லூரிக்கு இன்னொன்று அனுப்பவும் முடியாது. யூசி விண்ணப்பத்தில் போன் நம்பர், முகவரி மாதிரி விவரங்களைத்தான் மாற்றலாம், மேஜரை மாற்ற முடியாது. அந்தந்த வளாகத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். விண்ணப்பித்த பிறகு ஒவ்வொரு கல்லூரியும் ஒரு போர்ட்டல் கணக்கு கொடுத்திருக்கும். முதலில் அதற்குள் போய்ப் பாருங்கள். பல இடங்களில் மேஜர் மாற்றத்துக்கு அங்கேயே படிவம் இருக்கும். அது இருந்தால் மின்னஞ்சல் தேவையில்லை. இல்லாவிட்டால், விண்ணப்பத்தில் கொடுத்த அதே மின்னஞ்சல் முகவரியிலிருந்து, விண்ணப்பத்தில் உள்ளபடியே முழுப்பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண் போட்டு எழுத வேண்டும். எழுதுவது மகளாக இருக்கட்டும் அக்கா. அம்மா எழுதிய மின்னஞ்சல் என்றால் அம்மாவுக்குத்தான் மேஜர் மாற்ற ஆசை என்று நினைப்பார்கள்.

கட்டுரை இடிக்குமா என்று கேட்டீர்கள். காரணம் சொல்லாமல் மேஜரை மட்டும் மாற்றினால் இடிக்கும். அதற்காகப் புதிய கட்டுரை எழுதி இணைக்க வேண்டாம். நீங்கள் இங்கே எழுதிய ஆச்சி விஷயத்தை மகள் நாலைந்து வாக்கியத்தில் எழுதினால் போதும். மென்பொருளில் தொடங்கி, அது தடுமாறிய இடத்தில் மொழியைப் பார்க்க ஆரம்பித்தது. படிப்பவருக்கு சிஎஸ் கட்டுரைக்கும் மொழியியலுக்கும் உள்ள தொடர்பு அதிலேயே கிடைத்துவிடும். உண்மையைச் சொன்னால், "சின்ன வயதிலிருந்தே மொழிகள் பிடிக்கும்" என்று வருகிற நூறு கட்டுரைகளைவிட அந்த ஸ்ப்ரெட்ஷீட் வலுவானது.

இல்லினாயைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், மதிய இடைவேளை முடிகிறது.


செம்பருத்தி எழுதியது:

மாடிப்படி, எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்தேன். எல்லோருக்கும் எழுதுகிறேன் என்ற பிடிவாதம் தளர்ந்துவிட்டது. எழுதாமல் விடுவது ஏமாற்று இல்லை என்பது அவளுக்குப் புரிந்ததுதான் பெரிய விஷயம்.

இரண்டு சந்தேகம். இல்லினாயில் கம்ப்யூட்டர் சயின்ஸும் மொழியியலும் சேர்ந்த ஒரே பட்டம் இருக்கிறதாம். அதற்கு மாற்றிக் கேட்கலாமா என்கிறாள். இன்னொன்று, மொழியியல்தான் என்று முடிவாகிவிட்டால், பள்ளியில் கல்லூரித் தரத்தில் எடுக்கும் ஏபி பிசிக்ஸை இந்த செமஸ்டரோடு விட்டுவிடலாம் என்று அவள் தோழி சொன்னாளாம். இவளுக்கும் அந்த வகுப்பு பெரிய பாரமாக இருக்கிறது.


மாடிப்படி எழுதியது:

பிசிக்ஸை விடவே கூடாது. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். விண்ணப்பத்தில் இந்த வருடம் என்னென்ன படிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். பள்ளியிலிருந்து மிட்-இயர் ரிப்போர்ட் போகும், கடைசியில் இறுதி டிரான்ஸ்கிரிப்ட் போகும். வகுப்பை விட்டால் யூசிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். கிடைத்த இடத்தைத் திரும்பப் பெறும் கடிதங்கள் மேஜர் மாற்றத்தால் வந்து நான் பார்த்ததில்லை. சொல்லாமல் வகுப்பை விட்டதாலும், கடைசி செமஸ்டரில் மதிப்பெண் சரிந்ததாலும் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் மறக்கவில்லை. மே மாதம் வரை தாங்கச் சொல்லுங்கள்.

இல்லினாய்: அந்தக் கூட்டுப் பட்டம் உண்மையிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸோடு மொழியியல், பொருளாதாரம், வானியல் என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். உங்கள் மகளுக்குப் பொருத்தமான பட்டமும்கூட. ஆனால் பெயரில் மொழியியல் இருப்பதால் கூட்டம் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். அதுவும் சிஎஸ் கதவுதான், அதற்கும் போட்டி உண்டு. நான் சொன்ன சுலபமான திசை தனி மொழியியலுக்குத்தான் பொருந்தும். அவளை உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நிரல் எழுதுவது வேண்டவே வேண்டாமா, அல்லது மொழிக்காக என்றால் எழுதத் தயாரா? வேண்டவே வேண்டாம் என்றால் மொழியியலுக்கு மாற்றக் கேட்கலாம். தயார் என்றால், அந்தக் கூட்டுப் பட்டத்துக்கு இப்போது மாற்ற முடியுமா என்று சேர்க்கை அலுவலகத்தைக் கேட்கட்டும். முடியாது என்று வந்தால், இருப்பதை அப்படியே விட்டுவிடுவதே நல்லது. சிஎஸ் இடத்தைக் கையில் வைத்திருப்பவர் மொழியியல் வகுப்புகள் எடுத்துக்கொள்ளலாம். மொழியியலில் சேர்ந்துவிட்டு சிஎஸ் கேட்டால் அங்கே கிடைப்பது அரிது.

கட்டணத்தையும் பாருங்கள். இல்லினாயில் எல்லா மேஜருக்கும் ஒரே கட்டணம் இல்லை, எஞ்சினியரிங்குக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் கூடுதல். வெளிமாநிலப் பிள்ளைக்கு இது நாலு வருடத்தில் சின்னத் தொகை இல்லை. அதேபோல் எந்தக் கல்லூரியாவது ஸ்காலர்ஷிப் கொடுத்தால், அது பல்கலைக்கழகம் கொடுத்ததா, துறை கொடுத்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துறை கொடுத்தது என்றால் மேஜரோடு சேர்ந்து அதுவும் போய்விடக்கூடும்.


தூரத்து_விளக்கு எழுதியது:

இந்த இழையைப் படிக்கும் இந்திய மாணவர்களுக்காக ஒரு விஷயம். செம்பருத்தி அக்கா வீட்டுக்கு இது பொருந்தாது என்று நினைக்கிறேன். நான் எஃப்-1 விசாவில் வந்து படித்தவள்.

மாணவர் விசாவில் வருபவர்களுக்கு மேஜர் என்பது கல்லூரியோடு முடிகிற சங்கதி இல்லை. கல்லூரி கொடுக்கும் ஐ-20 படிவத்தில் படிப்பின் பெயரும், படிப்புகளை வகைப்படுத்தும் சிஐபி குறியீடும் இருக்கும். படித்து முடித்தபின் வேலை அனுபவத்துக்காகக் கிடைக்கும் ஓபிடி எல்லோருக்கும் 12 மாதம். அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், எஞ்சினியரிங், கணிதம்) பட்டியலில் இருக்கும் குறியீடு என்றால் அதற்கு மேல் 24 மாதம் கேட்கலாம். ஒரு எண் மாறினால் இரண்டு வருடம் மாறிவிடும்.

நான் படித்தது பொருளாதாரம். பொதுவான பொருளாதாரத்துக்குக் குறியீடு 45.0601, அது ஸ்டெம் பட்டியலில் இல்லை. கணிதமும் புள்ளியியலும் சார்ந்த பொருளாதாரத்துக்கு (எகனாமெட்ரிக்ஸ்) 45.0603, அது பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் ஒரே துறைதான் நடத்தும், வகுப்புகளில் பாதிக்கு மேல் ஒன்றாகவே இருக்கும். இதை எனக்குச் சொன்னது என்னோடு அறையில் இருந்த தோழி. அதனால் சேரும் முன்பே துறைக்கு எழுதி, எங்கள் பட்டம் எந்தக் குறியீட்டில் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் முடிவு செய்தேன். குறியீடு கல்லூரிக்குக் கல்லூரி மாறும், ஆகவே பக்கத்துக் கல்லூரியில் படித்தவர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

விண்ணப்பித்த பிறகு மேஜர் மாற்றுகிறவர்கள், இடம் கிடைத்து ஐ-20 வாங்கும்போது அதில் புதிய மேஜர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மேஜரோடு வந்துவிட்டால் நேர்காணலுக்குப் போகும் முன்பே திருத்தி வாங்குவது நல்லது. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் சன்னலுக்கு முன்னால் நிற்கும்போது, படிவத்தில் ஒன்றும் வாயில் ஒன்றும் வருவது தேவையில்லாத சிக்கல். வந்து சேர்ந்த பிறகு மாற்றினால், சர்வதேச மாணவர் அலுவலகத்தில் சொல்லி ஐ-20-ஐப் புதுப்பிக்க வேண்டும். இதை அட்வைசர் செய்துவிடுவார் என்று இருந்துவிடாதீர்கள், அவருக்கு இது தெரியாமலே இருக்கலாம்.


கோத்தகிரி எழுதியது:

நான் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நடைமுறை விஷயங்களை மாடிப்படி சொல்லிவிட்டார். மொழியியல் படித்து என்ன செய்வாள் என்ற கேள்வியை இங்கே யாரும் கேட்கவில்லை, அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் வீட்டில் யாராவது கேட்பார்கள்.

பெர்க்லியில் மொழியியல் துறையை நிறுவியவர் எமனோ என்ற மொழியியலாளர். அவர் 1930-களில் நீலகிரிக்கு வந்து, தோடர்களும் கோத்தர்களும் பேசும் மொழிகளை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டவர். பின்னாளில் தாமஸ் பரோ என்ற அறிஞரோடு சேர்ந்து அவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-இல் வந்தது, திருத்திய பதிப்பு 1984-இல். இன்றைக்கும் என் மேசையில் தினமும் திறக்கும் புத்தகம் அது. உங்கள் மகள் விண்ணப்பித்திருக்கும் வளாகத்தில் தமிழும் கற்றுத் தருகிறார்கள். ஆச்சியின் பேச்சைப் பட்டியல் போடும் ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

வேலையைப் பற்றிக் கேட்டால்: அந்த மென்பொருள் ஏன் ஆச்சியிடம் தோற்றது? அதற்குப் பழக்கிய பேச்சில் பெரும்பங்கு மேடைத் தமிழும் செய்தித் தமிழுமாக இருந்திருக்கும். வட்டார வழக்கை யாராவது பதிவு செய்து, என்ன சொன்னார் என்று சரியாக எழுதிக் கொடுத்தால்தான் அது கற்றுக்கொள்ளும். உங்கள் மகள் யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருப்பது அந்த வேலையைத்தான். இதற்கு நிரலும் தெரிய வேண்டும், மொழியும் தெரிய வேண்டும். சிஎஸ் வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தாலும் நிரல் எழுதுவதைக் கைவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். என் துறையில் புள்ளியியலும் பைத்தானும் தெரியாதவர்கள் திணறுவதைத் தினமும் பார்க்கிறேன்.

ஒரு சின்ன வேண்டுகோளும் உண்டு. பதிவுகளை இப்போதே இரண்டு இடத்தில் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பதிவிலும் நாள், இடம், ஆச்சி பிறந்து வளர்ந்த ஊர் எது என்று குறித்து வைக்கட்டும். ஆச்சியிடம் சம்மதம் கேட்டு அதையும் பதிவு செய்யட்டும். பின்னால் ஆய்வுக்குப் பயன்படுத்த இதெல்லாம் இல்லாமல் முடியாது.


செம்பருத்தி எழுதியது:

கோத்தகிரி, உங்கள் பதிலை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். அகராதி விஷயத்தைக் கேட்டதும் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்துவிட்டார். மகள் நேற்றே ஆச்சிக்குப் போன் போட்டு சம்மதம் கேட்டாள். "நான் பேசுததை வச்சு என்னளா படிக்கப் போற" என்று ஆச்சி கேட்டதும் பதிவாகியிருக்கிறது.

மாடிப்படி கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டேன். மொழிக்காக என்றால் நிரல் எழுதத் தயார், வெறும் நிரலுக்காக என்றால் இல்லை என்றாள். ஆகவே இல்லினாய்க்குக் கூட்டுப் பட்டத்தைப் பற்றிக் கேட்கப் போகிறாள். பெர்க்லி போர்ட்டலிலும் கார்னெல் போர்ட்டலிலும் படிவம் இருக்கிறதா என்று இன்று இரவு பார்ப்போம். இல்லை என்றால் அனுப்புவதற்கு அவள் எழுதி வைத்திருக்கும் மின்னஞ்சலின் சாரம் இது: கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு விண்ணப்பித்திருந்தேன், மொழியியலுக்கு மாற்ற முடியுமா என்று அறிய விரும்புகிறேன். பாட்டியின் வட்டாரத் தமிழை மென்பொருள் புரிந்துகொள்ளாததில் தொடங்கிய வேலை இது, இப்போது இவ்வளவு பதிவுகள் சேர்த்திருக்கிறேன். மாற்ற இயலாவிட்டால் தற்போதைய மேஜரிலேயே என் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். இடையூறுக்கு மன்னிக்கவும், என் முடிவு தாமதமானதற்கும் மன்னிக்கவும்.

சரியாக இருக்கிறதா?


மாடிப்படி எழுதியது:

மிக நன்றாக இருக்கிறது. "இயலாவிட்டால் தற்போதைய மேஜரிலேயே" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் பழைய மேஜரை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக யாராவது எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் உள்ள இரண்டு மன்னிப்பையும் எடுத்துவிடச் சொல்லுங்கள், நன்றி என்று முடித்தால் போதும். கார்னெல்லுக்கு எழுதும்போது மேஜர் பெயரோடு எஞ்சினியரிங்கிலிருந்து ஆர்ட்ஸ் அண்ட் சயின்சஸுக்கு என்று காலேஜ் பெயரையும் சேர்க்கட்டும். பெர்க்லிக்கும் அப்படியே. பதில் வந்ததும் அதைப் பிடிஎஃப்பாகச் சேமித்து, பள்ளி கவுன்சலருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மிட்-இயர் ரிப்போர்ட் போகும் முன்பு அவருக்கு இது தெரிந்திருப்பது நல்லது.